பொண்ணு வீட்டு இன்ஜின்

சம்பந்தி போனில் முதலில் சொன்னது ஒரே ஒரு வரிதான்.

"உங்க இன்ஜின் ஆயில் குடிக்குது சம்பந்தி."

கார் போனை எடுத்த பட்டறைப் பெரியவருடையது அல்ல, அவர் மாப்பிள்ளையுடையது. ஆனால் அதன் இன்ஜினை இறக்கி, சிலிண்டர்களைத் தேய்த்து, பிஸ்டன் ரிங் முதல் வால்வு சீல் வரை புதிதாகப் போட்டுப் பூட்டியவர் பெரியவர். கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக் கார் இன்னொருவன் பட்டறை வாசலில் நிற்பதா என்று, கைவசம் இருந்த மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்து, ஒரு போல்ட்டைக்கூட அடுத்தவரை முறுக்க விடாமல் அவரே செய்த வேலை. அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில் அதற்குப் பெயரே 'பொண்ணு வீட்டு இன்ஜின்' என்றாகிவிட்டது. நன்றாக ஓடியவரை அந்தப் பெயர் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

"எவ்வளவு குடிக்குது?" என்றார் பெரியவர்.

"ஞாயித்துக்கிழமையானா நான் பாத்து ஊத்துறேன். அடுத்த ஞாயிறுக்குள்ள காலி. பின்னாடி புகை வேற. சிக்னல்ல ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, 'சார், எங்க தெருவுக்கும் கொசு மருந்து அடிச்சுட்டுப் போங்க'ங்கறான்."

போனுக்கு அந்தப் பக்கம் யார் யாரோ சிரித்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு அன்று உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. பெரியவருக்குக் காது மடல் வரை சுட்டது.

"சம்பந்தி, பக்கத்துல இருக்கிறவங்களும் கேட்டுக்கட்டும். வண்டியை அனுப்புங்க. என் வேலையில ஒரு நூல் பிசகு இருந்தாலும் சரி, அன்னைக்கே நான் இன்ஜின்ல கை வைக்கிறதை விட்டுடறேன். இது என் வார்த்தை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மைத்துனர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் மனைவியின் தம்பி. உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். ஒரு சேதியை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாததால் அவருக்குத் 'தந்தி' என்று பெயர்.

"அத்தான், அவர் ஆயில் குறையுதுன்னுதானே சொன்னார்? அதுக்கு எதுக்கு நீங்க தலையையே அடகு வெச்சீங்க?"

"வாயை மூடுடா."

"மூடிக்கறேன். ஆனா இன்ஜினை விட்டுட்டு வீட்டுல உக்காந்து என்ன செய்வீங்க? அக்காவோட மிக்ஸியை இறக்கி ரிங் மாத்துவீங்களா?"

அவர்களுக்கு எதிரே ஒரு வேன் நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அதுவரை அசைந்துகொண்டிருந்த பாதங்கள் அசையாமல் நின்றன. பிறகு சக்கரப் பலகை உருள, முழு ஆளாக வெளியே வந்தாள் மருமகள்.

பெரியவரின் மகன் பட்டறைத் தொழில் பிடிக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் லேத் கடைசல் பட்டறை வீட்டுப் பெண். கல்யாணமான புதிதில் மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், காத்திருந்த நேரத்தில் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தாள். அவ்வளவுதான், அப்புறம் சாப்பாட்டைக் கொண்டுவரும் வேலையை மகன் பார்த்துக்கொண்டான். வேலையில் அவள் கெட்டிக்காரி என்பது பெரியவருக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் யாரையும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை.

"வண்டி எப்ப மாமா வருது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டார். பெரியவர் அதற்குள் இன்ஜின் தூக்கும் சங்கிலியைக் கீழே இறக்கி வைத்திருந்தார்.

"மாமா, சங்கிலி வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? இறக்குவோம், பிரிப்போம், உள்ள இருக்கிற அத்தனையையும் புதுசாப் போட்டு அனுப்புவோம். அப்புறம் எவன் வாயைத் திறக்கிறான்னு பாக்கறேன்."

"புகை நின்னுடும். ஆனா எதனால வந்துச்சுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும். உங்க வேலை சரியா இருந்துச்சா, பிசகியிருந்துச்சான்னு யார் கேட்டாலும் சொல்ல முடியாது. நீங்க கொடுத்திருக்கிற வார்த்தைக்கு, அதைக் கண்டுபிடிச்சாகணும் மாமா."

பெரியவர் சங்கிலியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். வார்த்தை என்று சொல்லிவிட்டாள். சங்கிலியை மறுபடி மேலே ஏற்றினார்.

அவள் வேலை செய்த விதத்தைப் பெரியவர் அன்றுதான் கூடவே நின்று முழுசாகப் பார்த்தார். அவர் வேகக்காரர். சத்தத்தைக் கேட்டாலே நோயைச் சொல்லிவிடுவார், பத்துக்கு ஒன்பது முறை சரியாகவும் இருக்கும். இவள் அப்படியில்லை. வீட்டுக்குள் திருடன் வந்த வழியைத் தேடுகிறவளைப் போல ஒவ்வொரு கதவாகப் போனாள். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தால் அடுத்த கதவு.

முதலில் காரைச் சமமான தரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் நிற்க வேண்டிய மேல்கோட்டைத் தாண்டி வெகுதூரம் ஏறியிருந்தது.

தந்தி எட்டிப் பார்த்தார். "குடிகார வண்டின்னாங்க. இது சரக்கோடல்ல வந்திருக்கு."

"வழியில புகைஞ்சு தீர்ந்துடுமோன்னு பயந்து ஊத்திவிட்டிருப்பாங்க," என்றார் பெரியவர்.

மருமகள் கண்டதை மனதில் குறித்துக்கொண்டாள், முடிவு கட்டவில்லை. காருக்கடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை அட்டையில் ஒரு பொட்டு ஆயில் இல்லை. ஒழுக்கு இல்லை, ஒரு கதவு பூட்டியிருந்தது.

"நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க மாமா. நான் பின்னாடி நிக்கறேன். வால்வு சீல் விட்டிருந்தா, ராத்திரி முழுக்கச் சொட்டினது முதல் உதையில புகையா வரணும்."

சாவியைத் திருப்புமுன் பெரியவர் ஒரு தடவை கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். சீல்கள் அவர் கையால் அழுத்திப் பொருத்தியவை. கண்ணாடியில் பார்த்தார். மருமகள் புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பிறகு காரை வெளியே ஓட்டிப்போனாள். பெரியவர் பக்கத்தில். மெதுவாகப் போனவரை எதுவும் இல்லை. மேம்பாலத்தில் அழுத்தி மிதித்து ஏறியபோது பின்னால் நீலமாய் ஒரு திரை விரிந்தது. சம்பந்தி பொய் சொல்லவில்லை.

பட்டறைக்கு வந்து பிளக்குகளைக் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தாள். எல்லாமே ஒரே மாதிரி கறுத்திருந்தன. "ஒரு சிலிண்டர்ல மட்டும் ரிங் உடைஞ்சிருந்தா அந்தப் பிளக் மட்டும்தானே மாமா கறுக்கும்? இது எல்லாத்துக்கும் பொதுவா எங்கிருந்தோ வருது."

அடுத்தது சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்கும் கேஜ். பெரியவர் பயந்த இடம் இதுதான். ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் முள் சொல்லிவிடும். முள்ளுக்கு மாமனார் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. பெரியவர் மூச்சை விட்டார்.

"இருங்க, இன்னும் முடியல." எண்ணெய்க் கேனிலிருந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தாள். தேய்ந்த ரிங்காக இருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து, முள் துள்ளி ஏறும். முள் அசைந்தது, துள்ளவில்லை.

"உங்க ரிங் சுத்தமா இருக்கு மாமா."

"போனைக் கொண்டாங்கடா!" என்றார் பெரியவர்.

"அத்தான், புகை இன்னும் வருதே," என்றார் தந்தி. "போன்ல என்ன சொல்வீங்க? ரிங் நல்லாருக்கு, கொசு மருந்து இலவசம்னா?"

மருமகள் அதற்குள் காற்று வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றியிருந்தாள். உள்ளே விரலை விட்டு எடுத்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு நோக்கி ஆயில் வழிந்தது.

கதவு திறந்திருந்தது.

இன்ஜினுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. பிஸ்டனுக்குக் கீழே சேரும் புகையை மேலே கொண்டுபோய், காற்றோடு கலந்து எரிக்க விடும் மெல்லிய குழாய். அதன் வழியாகப் புகைதான் போக வேண்டும். இங்கே ஆயிலே நுரைத்துக்கொண்டு போயிருந்தது. குழாயிலிருந்த சின்ன வால்வைக் கழற்றிக் காதருகில் குலுக்கினாள். கலகலவென்று சத்தம் வந்தது, அடைப்பில்லை. அப்படியானால் மிச்சம் ஒரே காரணம்தான். இன்ஜினின் அடித்தொட்டியில் ஆயில் அளவுக்கு மிஞ்சி நின்றதால், சுற்றுகிற கிராங்க் தண்டு அதில் அடித்து, மோர் கடைந்தாற்போல் கடைந்திருக்கிறது. நுரை மூச்சுக்குழாயில் ஏறி, உள்ளே போய் எரிந்து, நீலப் புகையாக வெளியே வந்திருக்கிறது.

மிச்ச ஆயிலை வடித்து, அளவோடு புது ஆயில் ஊற்றினாள். குழாய்களைக் கழுவி, பிளக்குகளை மாற்றினாள். அப்போதும் போன் செய்ய விடவில்லை. பட்டறை வேலைக்கெல்லாம் அந்தக் காரையே எடுத்துப் போனாள். மேம்பாலம், மேடு, நெரிசல் என்று ஒரு வாரம் ஓட்டினாள். தினமும் சமதரையில் குச்சியைப் பார்த்தாள். ஆயில் நின்ற கோட்டில் நின்றது. புகை போன இடம் தெரியவில்லை.

பெரியவருக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "அளவு தெரியாம ஊத்தினது அவங்க! சிரிச்சது என்னையா?"

"அதுதான் மாமா இடிக்குது. உங்க சம்பந்தி ரயில்வேயில கார்டா இருந்தவர். சிக்னலைப் பாக்காம கொடி அசைக்காத மனுஷர். குச்சியைப் பாக்காமலா ஊத்துவார்?"

ஸ்டெப்னியின் காற்றைப் பார்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். டிக்கியில் சம்பந்தியின் ஆயில் டின், புனலோடு, பார்வையாக இருந்தது. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அதற்கடியில் இன்னொரு டின். ஒரு பழைய துண்டில் சுற்றி, சத்தம் வராமல் இறுக்கி வைத்த டின். துண்டின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல். பட்டறைத் துணியோடு கலந்துவிடக் கூடாதென்று பெரியவரின் மனைவி தன் வீட்டுத் துண்டுகளுக்கெல்லாம் போடும் அடையாளம்.

பெரியவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கினார். அந்தத் துண்டை இந்த வீட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கக்கூடியவள் ஒருத்திதான். முகத்தில் ஈயாடவில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்க மாமனாரும் மருமகளுமாகப் புறப்பட்டார்கள். பாதி வழியில் பெரியவர் சொன்னார்:

"அம்மாடி, அங்க போய் அந்த டின்னைப் பத்தி மூச்சு விடக்கூடாது. வால்வு சீல் சரியில்ல, தப்பு என்னோடதுதான்னு நானே சொல்லிடறேன்."

மருமகள் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"அப்ப இன்ஜினை விட்டுடுவீங்களா?"

"விட்டுடறேன். கொடுத்த வார்த்தைக்கு அதுதானே மரியாதை? என் பொண்ணு அந்த வீட்டுல தலைநிமிர்ந்து வாழணும். மாமனாருக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சு ஊத்தினாள்னு பேர் வரக்கூடாது."

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க அப்படிச் சொன்னா நான் அங்கேயே இல்லைம்பேன்."

"என்னது?"

"தப்பு அப்பாவோடதுன்னு கேட்டா அவ என்ன செய்வா? இன்னும் பயப்படுவா. நாளைக்கே இன்னொரு டின் வாங்குவா. புகை திரும்ப வரும். நாம குழாயைத்தான் கழுவியிருக்கோம் மாமா. ஊத்துற கையை நிறுத்தாம எப்படிச் சரியாச்சுன்னு சொல்றது?"

பெரியவரை எதிர்த்து அந்தக் குடும்பத்தில் யாரும் இப்படிப் பேசியதில்லை. கோபம் வரவேண்டும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

சம்பந்தியின் வீடு சாலையை விட உயரத்தில் இருந்தது. வாசலிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை சிமெண்ட் சரிவு. கார் எப்போதும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு அதில்தான் நிற்கும். மருமகள் அதைப் பார்த்ததும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

காரைச் சாலையிலேயே நிறுத்தினாள். சம்பந்தி வெளியே வந்தார். பின்னால் பெரியவரின் மகள், டீத் தட்டோடு.

"வண்டி ஆறட்டும் மாமா, அப்புறம் நீங்களே குச்சியைப் பாருங்க," என்றாள் மருமகள் சம்பந்தியிடம். டீ குடித்து முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மேல்கோட்டுல கரெக்டா இருக்கு."

"இப்ப எப்பவும் நிறுத்துற இடத்துல நிறுத்தறேன்."

சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டு, வந்த வழி எப்படி, முதுகுவலி எப்படி என்று கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு மறுபடி பார்க்கச் சொன்னாள். சம்பந்தி குச்சியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு உருவினார். கீழ்க்கோடுகூட நனையவில்லை.

"என்னம்மா இது மாயம்? இப்பத்தானே..." என்றவர் சரிவைப் பார்த்தார். காரின் மூக்கைப் பார்த்தார். "ஆயில் பின்பக்கமா ஓடிடுது! அட, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்தச் சரிவுலயே வெச்சுப் பாத்து, குறையுது குறையுதுன்னு ஊத்தினேனே!" பெரியவர் பக்கம் திரும்பினார். "ஆனா சம்பந்தி, நான் ஊத்தினது அப்படி ஒண்ணும் அதிகமில்லையே. அதுக்கா அவ்வளவு புகை?"

பெரியவர் வாயைத் திறந்தார். "சம்பந்தி, அது வந்து, என்..."

மருமகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் ஊத்தினேன் மாமா," என்றாள் மகள்.

சம்பந்தி திரும்பினார்.

"சாயங்காலம் அவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் போய்ப் பாப்பேன். குச்சியில ஒண்ணுமே ஒட்டாது. ஞாயித்துக்கிழமை நீங்க பாத்தா அப்பாவைச் சொல்வீங்களேன்னு ஊத்திடுவேன். ஊத்த ஊத்தப் புகை அதிகமாச்சு. புகை அதிகமானா நீங்க இன்னும் சொல்வீங்கன்னு மறுபடி ஊத்தினேன்." மகளின் குரல் உடையவில்லை. தட்டை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "அப்பா வேலையில தப்பு இல்ல மாமா. அதை யாரும் சொல்லக்கூடாது."

"ஏம்மா," என்றார் சம்பந்தி மெதுவாக, "நான் அவ்வளவு பொல்லாதவனா?"

"இல்ல மாமா. ஆனா 'பொண்ணு வீட்டு இன்ஜின்'னு நீங்க ஒவ்வொரு தடவை சொல்லும்போதும்..."

சம்பந்தி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சிரிக்கிற மனிதர்தான். சிரிக்காமல் நிற்கும்போது வயது தெரிந்தது.

"அந்தப் பேரை வெச்சது நான்தான் சம்பந்தி," என்றார். "முதல்ல பெருமையாத்தான் சொன்னேன். அப்புறம் அதுவே கேலியாயிடுச்சு. வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி போன்ல சொன்னேன் பாருங்க, அதே ஆளுங்க ஒவ்வொருத்தரையும் நானே கூப்பிட்டுச் சொல்றேன், உங்க வேலையில நூல் பிசகு இல்லைன்னு. நீங்க எதையும் விட வேண்டாம்."

அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொள்ளப் பெரியவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார்! வாங்கிக்கொண்டார். ஆனால் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை.

"சொல்றதானா சரியாச் சொல்லுங்க சம்பந்தி. இன்ஜினைப் பூட்டினது நான். என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சது இவ, என் மருமக. என் இஷ்டத்துக்கு விட்டிருந்தா நான் எல்லாத்தையும் பிரிச்சுக் கடாசியிருப்பேன். என் பொண்ணும் ஊத்திக்கிட்டே இருந்திருப்பா."

மகள் தன் அண்ணியைப் பார்த்தாள். மருமகள் குனிந்து பானட்டை மூடினாள். அவசியமில்லாமல் இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

"இனிமே யாரும்மா பாக்கறது?" என்று கேட்டார் சம்பந்தி.

"யார் வேணா பாருங்க. ரோட்டுல, சமமா நிறுத்தி, வண்டி ஆறினப்புறம். ஊத்தினா ஊத்தினேன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

திரும்பி வருவதற்குப் பஸ்ஸில் ஏறினார்கள். பெரியவர் ஜன்னலோர இருக்கையை மருமகளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, ஆயில் விட்டு அளந்தியே, அப்ப முள்ளு துள்ளியிருந்தா?"

"ரிங் சரியா உக்காரல மாமான்னு சொல்லியிருப்பேன்."

"நான் வார்த்தை கொடுத்திருக்கேன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் மாமா."

"நான் இன்ஜினை விட்டிருப்பேன்."

"விட்டிருப்பீங்க. எனக்குத் தெரியும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னைக்குக் கேஜை மாட்டும்போது எனக்கும்தான் பயமா இருந்துச்சு."

தன் தொழிலையே முடித்துவைத்திருக்கக்கூடிய ஒரு சொல்லை மறைக்காமல் தன் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருத்தி தன் வீட்டில் இருக்கிறாள் என்பது பெரியவருக்கு அந்த நிமிடம் பெரிய சொத்தாகத் தெரிந்தது. பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது, தூங்கிப்போய்த் தலை சாய்ந்த மருமகளின் நெற்றி ஜன்னல் கம்பியில் இடிக்காமல் இருக்க, அவர் தன் கையைக் கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவே வைத்துக்கொண்டார். இறங்க வேண்டிய இடம் வரும்வரை எடுக்கவில்லை.